இணைச்சீருக்கு யார் நிற்பது

— அந்தச் சக்கர வண்டியோட நீங்க மண்டபத்துக்கு வர வேண்டாங்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க.

— வண்டி இல்லாம நான் எப்படிடா வர்றது தமிழு? உருண்டு வரட்டுமா?

— கோவிச்சுக்காதீங்க மதியக்கா. அன்னூருச் சின்னம்மா ஊட்டுக்குப் போறதுக்குக் காரு சொல்லியிருக்கறனுங்க. இப்பக் கெளம்புனா வெயிலுக்கு முன்னால போயிரலாமுங்க.

— நாளைக்கு விடிஞ்சா சென்னிமலையில உனக்குக் கல்யாணம். இன்னிக்கு என்னைய அன்னூருக்குத் தாட்டி உடற. அப்ப இணைச்சீருக்கு யாருடா நிக்கறது? கூடப்பொறந்தவ புதுச்சீல கட்டி மாப்பள பக்கத்துல நிக்காம நம்ம சனத்துல ஒரு கல்யாணம் நடந்திருக்குதா? உனக்கு இருக்கறது நான் ஒருத்தி.

— பெரியப்பா மவ நிக்கறேன்னு சொல்லிட்டாங்க.

— நிப்பா, நிப்பா. அவளுக்கென்ன, காலு ரெண்டும் நல்லா இருக்குது.

— மெதுவாப் பேசுங்க்கா. ஊடு நெறைய ஒறம்பரை இருக்குறாங்க.

— செரி, மெதுவாவே பேசறேன். வண்டிய வேன்லயே வெச்சிரு. நான் செவுத்தப் புடிச்சுட்டு உள்ள வந்தர்றேன். சீரு முடியற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு நின்னுக்கறேன்.

— மாரியம்மன் நோம்பிக்கும் இதையேதான் சொன்னீங்க. அத்தன சனத்துக்கு முன்னால உழுந்து, கட்டுன சீலயோட மூத்திரம் போயிட்டீங்க. தூக்கிட்டு வந்தது நானுங்க. எனக்கு மறக்குல.

— எனக்கு மட்டும் மறந்துபோச்சா? அதுக்கப்பறந்தானே டாக்டரு சொன்னாரு, இது நரம்பு வியாதி, வீம்புக்கு நடந்து உழுந்து சாகாதே, வண்டியில உக்காருன்னு. உக்காந்தேன். உக்காந்தப்பறம் எங்கியாச்சும் உழுந்திருக்கறனா? கடைக்கு நானே போறேன். டியூசன் புள்ளைகளுக்கு நானே கதவத் தொறந்து உடறேன். சன்னல் வழியாப் பாத்துட்டே கெடந்த ரோட்டுல நானே போறேண்டா. எத்தன சந்தோசமா இருக்குது தெரியுமா உனக்கு?

— உன்ற சந்தோசந்தான் அம்மணி இந்தக் குடியக் கெடுத்துது.

— அம்மா, நீயுமா?

— நீ செவுத்தப் புடிச்சுட்டு நடந்த வரைக்கும் காலு சுளுக்கு, மூட்டு வலின்னு நானும் வாயில வந்ததச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஊரும் நம்புச்சு. நீ அதுல ஏறி உக்காந்து, மவராசியாட்ட எஸ்.டி.டி. பூத்து வரைக்கும் உருட்டிட்டுப் போயிட்டு வந்த. அன்னையில இருந்து தரகன் நம்ம வாசப்படி மிதிக்கல. பெரியவளுக்கு இப்பிடி வந்துது, சின்னவனுக்கு எப்ப வருமோன்னு சொல்லிப்போட்டான். சூலூரச் சுத்தி ஒருத்தனும் பொண்ணு தர்றேன்னு சொல்லுல. அதுக்குத்தான் சென்னிமலை வரைக்கும் போனோம்.

— தம்பிக்கெல்லாம் இது வராதும்மா. டாக்டரே சொன்னாரு.

— டாக்டரா வந்து பொண்ணு குடுக்கறாரு?

— செரி உடு. சீரு வேண்டாம். பெரியப்பா மவளே நிக்கட்டும். நான் பொறத்தால ஒரு மூலையில உக்காந்துக்கறேன்.

— ஆவாதுங்க்கா.

— உனக்கு அக்கான்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பக்கத்தூட்டுப் பொம்பளைன்னு சொல்லிக்கறேன்.

— ரெண்டு பேருக்கும் ஒரே சாடைங்க. கண்டுபுடிச்சுருவாங்க.

— தமிழு, உன்னைய இடுப்புல தூக்கிச் சுமந்தவடா நான். நீ தாலி கட்டறத ஒருக்காக் கண்ணுல பாத்துக்கறேன். சமையக்கட்டுல கரிச்சட்டி பக்கத்துல உக்கார வெச்சாலும் செரி.

— அழுகாதீங்க்கா. நல்ல காரியம் நடக்கற ஊடு.

— நான் அழுதா நல்ல காரியம் கெட்டுப்போயிருமா? செரி, போறேன். காருல ஏத்து. பொண்ணு இந்த ஊட்டுக்கு வந்தப்பறம் எப்பவாச்சும் நான் பாக்கோணுமில்ல? எப்ப வந்து என்னையக் கூட்டிட்டு வருவ?

— பாக்கலாமுங்க.

— என்னத்தப் பாக்கறது? மூஞ்சியப் பாத்துப் பேசுடா. அம்மா, நீயாச்சும் சொல்லு.

— தமிழு, நீயே சொல்லிப்போடு. என்னால ஆவாது.

— பொண்ணூட்டுக்காரங்க நம்ம ஊடு பாக்க வந்தப்ப நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க்கா. வண்டி மட்டும் வாசல்ல நின்னுது. இது யாருதுன்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— என்ற அக்காவுதுங்கன்னு சொன்னேன். பஸ்ஸுல அடிபட்டுக் கொஞ்ச நாளு அதுல இருந்தாங்க, அப்பறம் போய்ச் சேந்துட்டாங்கன்னு சொல்லிப்போட்டனுங்க.

— டேய்...

— நோவுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருப்பாங்க. வேற வழி தெரீலீங்க்கா.

— நாளைக்கு வேன்ல வர்ற நம்ம சனத்துக்கு?

— எல்லாருக்கும் தெரியுமுங்க. நல்லவங்க, யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

— பாவி, எல்லாருமாச் சேந்து என்னையக் கொன்னுபோட்டீங்களேடா.

— அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணுங்க்கா. உங்களைய நெனச்சு அழுதுருச்சு. கல்யாணமாகாமச் செத்த நாத்தனா, கன்னிச்சாமியா கூட இருந்து காப்பாத்துமுன்னு அதுவே கடையேறி உங்களுக்கு ஒரு சீல எடுத்து வெச்சிருக்குது. நாளைக்கு உங்க போட்டோவுக்கு முன்னால அதைய வெச்சுக் கும்புட்டுப்போட்டுத்தான் தாலிக்குக் கழுத்த நீட்டுமாமுங்க.