கட்டை போட்டாச்சு

டீயைக் குடித்துவிடுங்கள் ஐயா, ஆறினால் ஏலக்காய் வாசனை போய்விடும். முனிராஜ் பட்டறையில் டீ மட்டும்தான் உருப்படி என்று லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். வேலையும் நன்றாகத்தான் இருக்கும். அதை நேரில் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டிரைவர் மாதப்பன் இங்கே செத்தது தன் தவறு என்று கவுஸ் பாஷா போன வாரம் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தாராம். அது சரியல்ல. பாஷா என்னிடம் பன்னிரண்டு வருஷம் தச்சு வேலை பார்த்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. என் பட்டறையில் நடந்ததற்கு இன்னொருவர் பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய லாரியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் பாடியை அடியில் இருக்கிற இரும்புப் பிரேமிலிருந்து பிரிக்க வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, உத்திரத்தில் தொங்குகிற செயின் பிளாக்கால் மரப்பாடியை இரண்டடி தூக்குவோம். தூக்கியதும் கனமான வேலமரக் கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் செயின் பிளாக் பழசு, பிரேக் தேய்ந்தது. சங்கிலியைத் தூணில் இருக்கிற கொக்கியில் மாட்டினால்தான் பாரம் நிற்கும். அதனால் பாஷா ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே நுழைகிறவன் ‘கட்டை?’ என்று கேட்க வேண்டும். சங்கிலியைப் பிடித்திருப்பவன் ‘போட்டாச்சு’ என்று சொன்ன பிறகுதான் தலையை விட வேண்டும். இங்கே வந்துபோகிற டிரைவர்களுக்குக்கூட இது மனப்பாடம்.

மாதப்பன் ஓட்டிய லாரி அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே ஒருமுறை என்னிடம் வந்திருந்தது, அப்போது அதற்கு வேறு டிரைவர். பாடியைத் தூக்கினால் பிரேமில் ஒரு விரிசல். பிரேமையே மாற்ற வேண்டிய விரிசல்தான். புளி சீசன், லாரி முதலாளி அவசரப்பட்டார். தகடு வைத்து ஒட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, பாடியை மேலே இறக்கிவிட்டேன். பாடி மூடியிருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாத இடம்.

மாதப்பன் இரண்டு தடவை வந்து குறை சொன்னான். “அண்ணா, வண்டி லெப்ட்ல இழுக்குதுங்க. அடியில ஏதோ சரியில்லீங்க.” நாலு பேர் எதிரில் சொன்னான். “வண்டியக் கையில ஓட்டு, வாயில ஓட்டாத” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அப்புறம் பென்னாகரம் ரோட்டு வளைவில் வண்டி கவிழ்ந்தது. புளி மூட்டை மேல் உட்கார்ந்து வந்த மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். பிரேக் சரியாக இருந்தது, டயர் சரியாக இருந்தது. ஆகவே டிரைவர் தப்பு என்று வழக்குப் போட்டார்கள். வண்டியைக் கோர்ட்டில் விடுவித்து, புதுப்பிக்க என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள்.

நான் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாஷா தொழுகைக்குப் போயிருப்பார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். தனியாகத் தூக்கி, தகட்டைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். வேறு எண்ணம் இல்லை. பாதி தூக்கியிருப்பேன், ஜாமீனில் இருந்த மாதப்பன் பெண்டாட்டியோடு வந்து நின்றான்.

“இன்னிக்கு பாடி தூக்கறீங்கன்னு சொன்னாங்க. நானும் ஒரு பார்வ பாத்துக்கறனுங்கண்ணா. அடியிலதான் ஏதோ இருக்குது. அது தெரிஞ்சா நான் வூட்டுக்குப் போயிருவேன், இல்லீன்னா செயிலுக்கு.”

நான் மறுக்கவில்லை. பெண்டாட்டியை அதியமான்கோட்டை பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பி மூன்று சோடா வாங்கி வரச் சொன்னேன். நல்ல வெயில். மாதப்பன் என்னோடு சேர்ந்து மீதிச் சங்கிலியை இழுத்தான். கொக்கியில் மாட்டினேன். அவன் அந்தப் பக்கம் ஓடிப்போய்க் குனிந்தான்.

“கட்டை?”

“போட்டாச்சு” என்றேன்.

கட்டைகள் பாஷா அடுக்கி வைத்த இடத்தில் எட்டடி தள்ளி இருந்தன. எடுக்கிற தூரத்தில்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் குறை இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாதப்பன் பிரேம் மேல் மார்பைச் சாய்த்து உள்ளே கையால் தடவினான். “அண்ணா, இங்க பாருங்க! தகடு வெச்சு ஒட்டியிருக்கான். விட்டுப்போச்சு. நான் அப்பவே சொன்னேனில்லீங்க?” சந்தோஷத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. “எந்தப் படுபாவி ஒட்டுனான்னு தெரியல. நீங்க பாத்ததா கோர்ட்ல ஒரு வார்த்த சொன்னாப் போதுங்கண்ணா.” அப்புறம் சிரித்தான். “இதெல்லாம் ஒரு வேலைன்னு செஞ்சிருக்கான் பாருங்க.”

படுபாவி என்றதற்கு நான் கோபப்படவில்லை. வேலையைப் பார்த்துச் சிரித்ததுதான் ஒரு மாதிரி இருந்தது. சங்கிலியைக் கொக்கியிலிருந்து எடுத்தேன்.

உடனே சாகவில்லை. அதையும் மறைக்க மாட்டேன். “தூக்குங்கண்ணா, தூக்குங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கியிருக்கலாம், நாற்பது ஐம்பது இழுப்பு. தூக்கினால் மறுபடி அந்தத் தகடு. நான் பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தேன். பீடி தீருமுன் சத்தம் நின்றுவிட்டது. சோடா பாட்டில் சத்தம் கேட்டதும்தான் எழுந்து, ஐயோ என்று கத்தினேன். அவள் ஓடிவந்து வெறுங்கையால் பாடியைத் தூக்கப் பார்த்தாள். நகம் பிய்ந்தது.

கூட்டம் சேர்ந்து பாடியைத் தூக்கியபோது எல்லோரும் மாதப்பனைப் பார்த்தார்கள். பிரேமை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் தகட்டைச் செதுக்கி எடுத்துவிட்டேன். கேட்டவர்களிடம், கட்டை வைக்காமலே அவசரப்பட்டு நுழைந்துவிட்டான் என்றேன். தானே கட்டையை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று பாஷா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார், அதன் பிறகு உளியைத் தொடவே இல்லையாம்.

மாதப்பன் பெண்டாட்டிக்கு நான்தான் இங்கே வேலை கொடுத்தேன். பட்டறையைக் கூட்டுவாள், டீ போடுவாள். வருகிறவர்களிடமெல்லாம் “அந்த மூணு பேர எங்கூட்டுக்காரரு கொல்லலீங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் காதில் வாங்குவதில்லை. உங்களுக்கு இந்த டீயைக் கொண்டுவந்து வைத்தாளே, அவள்தான் செல்லி.

அவளிடம் நீங்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். செத்தவன் மேல் வழக்கு நடக்காது என்று கோர்ட்டில் கேஸ் கட்டை மூடிவிட்டார்கள். ஒருநாள்கூட அவன் ஜெயிலுக்குப் போகவில்லை. மாதப்பனை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது நான்தான் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.