மடிச்ச பென்னி

இல்ல கிளெமென்ட், உக்கார நேரமில்ல. டீயும் வேணாம். அந்த எட்வர்ட் ராசா வெள்ளிப் பென்னிய எடு. போன ஏப்ரல்ல உன்கிட்ட மாத்திக்கிட்டேனே, அதான். லண்டன்ல அடிச்சது, ராசா மூஞ்சிக்குக் குறுக்க லேசா ஒரு கோடு ஓடும். இருக்குல்ல? வித்துடலையே? அப்பாடா.

இப்ஸ்விச்காரருக்குத் தர்றேன்னு சொல்லி வச்சிருந்தா என்ன? சனிக்கிழம வரட்டும், வேற ஒண்ணக் குடு. அந்தக் காலத்துல சுத்தியல எடுத்து லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளியிருக்கானுங்க, உன் பெட்டியிலயே இருபது கெடக்கு. எனக்கு அதுதான் வேணும். சும்மா கேக்கல. இந்தா, இந்த டப்பாவத் தொற. ஆமா, ஸ்டீஃபன் பென்னிதான். பதினோரு வருசமா அதுக்காக நாணயச் சங்கத்துல எம்பின்னாடியே சுத்துனியே, அதுக்குப் பதிலா இத எடுத்துக்க. என்னய்யா அப்படி முழிக்கிற? திருட்டுக் காசு இல்ல. எனக்குக் கிறுக்கும் புடிக்கல.

வின்னியா? எம்பொண்டாட்டிக்கு என்ன, நல்லாருக்கா. நல்லாருக்கான்னு சொல்றேன்ல. நீ காச எடு.

சரி, சொன்னாத்தான் குடுப்பேன்னா சொல்லித் தொலைக்கிறேன். அந்தப் பென்னி கெடைச்சப்ப இப்படித் தட்டையா இல்ல. வால்சிங்கம் மாதா கோயிலுக்கு நடந்து போற பழைய பாதையோரம், பார்லி அறுத்த வயல். கையில இருந்த உலோகம் தேடுற மெஷின் கீச்சுன்னுச்சு. தோண்டிப் பாத்தா வெள்ளிக்காசு, ரெண்டா மடிஞ்சு கெடக்கு. கலப்பை பட்டு மடங்கிருச்சுன்னு நெனச்சேன். நம்ம ஆளுங்க அத்தன பேரும் அப்படித்தானே நெனப்போம்? மடங்குன காச எவன் சீந்துவான்? ராசா மூஞ்சி தெரியணும்ல. வீட்டு அடுப்புலயே காச்சினேன். வின்னிதான் இடுக்கி புடிச்சா. செவந்த ஒடனே தண்ணில போட்டு, ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல வச்சு, மூச்சப் புடிச்சுக்கிட்டு அழுத்துனேன். விரிஞ்சுச்சு பாரு! வின்னி கை தட்டுனா. எழுநூறு வருசம் கழிச்சு ராசாவுக்கு வெளிச்சம் காட்டிட்டியே டெஸ்மண்ட்டுன்னு கேலி பண்ணா.

அப்புறம் மியூசியத்துலருந்து ஒரு பொண்ணு, நாம கண்டெடுக்கிறத எல்லாம் பதிவு பண்ணிக்குமே, அது மடிஞ்சு கெடந்த போட்டோவப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிச்சு. ஏன் சார் நிமுத்துனீங்க, அது தானா மடங்கல, யாரோ மடிச்சதுன்னுச்சு. வீட்டுல ஒருத்தர் சாகக் கெடந்தா, ஒரு வெள்ளிக்காச அவங்க தலைக்கு மேல புடிச்சுக்குவாங்களாம். இந்த உசுரக் காப்பாத்து, உன் வாசலுக்கே கொண்டாந்து போடுறேன்னு மாதா பேரச் சொல்லி மடிப்பாங்களாம். மடிச்ச நிமிசத்துலருந்து அது மாதாவோட காசு. பசிச்சுச் செத்தாலும் அதுல ரொட்டி வாங்கக்கூடாது. இது பாதையோரத்துல கெடந்துச்சுன்னா, கொண்டுபோன ஆளு மாதா வாசலுக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தமாம். நான் சிரிச்சேன்யா. போகட்டும்மா, நிமுத்தியாச்சுல்ல, இனிமே அது ராசா காசுதான்னேன். இந்த வாய் இருக்கே, இத வெட்டிப் போடணும்.

நீயும் சிரி, பரவால்ல. நான் சர்ச்சுக்குப் போனதே என் கல்யாணத்துக்கும் எங்கப்பா சாவுக்கும்தான். ஆனா அந்தக் காசத் திருப்பி மடிக்கணும். அதே கோட்டுல.

ஒடையும், தெரியும். நேத்து வேற ரெண்டு பென்னிய மடிச்சுப் பாத்தேன், ரெண்டும் பட்டுனு ஒடஞ்சு போச்சு. சமையக்கட்டுத் தரையில உக்காந்து அழுதேன், போதுமா? வேற காச மடிச்சா ஆகாதான்னு கேக்காத. எவனோ ஒருத்தன் நேந்து மூடி வச்சத நான்தானே தொறந்தேன்? மொதல்ல அத மூடணும். அப்புறம்தான் நான் என் வாயால எதையும் கேக்க முடியும். ஸ்பிரிட் விளக்கு வச்சிருக்கல்ல? ஒருவாட்டி காச்சித் தண்ணில போட்டுரு, வெள்ளி எளகிடும். உன் கை அதுக்குன்னே பொறந்த கை. ஆனா மடிக்கிறது இங்க வேணாம்.

ஏன்னா, தலைக்கு மேல புடிச்சுத்தான் மடிக்கணும்.

வின்னி வெளிய கார்ல இருக்கா. தலையில நீலத் துணி கட்டியிருக்கிறது அவதான். முடியெல்லாம் கொட்டிப்போச்சு, நீ அடையாளம் கண்டிருக்க மாட்ட. அந்தக் காச நிமுத்துன அடுத்த மாசம்தான் அவளுக்குள்ள கட்டி இருக்கிறது தெரிஞ்சுச்சு. வெள்ளிக்கிழம டாக்டர், இனிமே மருந்து வேணாம், வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டார். அவளுக்கு எல்லாம் தெரியும். இந்தக் காசு விசயம் மட்டும் தெரியாது. கடக்கரைக்குப் போறோம், நண்டு வாங்கித் தர்றேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். வால்சிங்கம் வழியிலதானே? காச மாதா வாசல்ல போட்டுட்டுப் போயிடலாம். உன் கடை வாசல்ல நிறுத்துனப்ப, இப்பக்கூடக் காசுதானா டெஸ்மண்ட்டுன்னு சிரிச்சா.

நான் மடிச்சா இதுவும் ஒடஞ்சுடும். நீ வா கிளெமென்ட். தூறல் போடுதுல்ல, மழைக்கு ஒதுங்குற மாதிரி பின்சீட்டுல ஏறி உக்காரு. நான் முன்னாடி உக்காந்து அவகிட்ட நண்டப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். நீ பின்னாலருந்து, அவ தலைக்கு மேல, மெதுவா மடி. மாதா பேர நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்.

இங்கதான் பாக்குறா. கைய ஆட்டு. எப்பவும் போல ஆட்டுயா.