கோகோ கிட்டங்கி அருகே பதினொரு நிமிடம்

அழைப்பு வந்தபோது பிற்பகல் இரண்டு பத்து. நான் பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். சோளமாவில் அவித்த கென்கே சூடாக இருந்தது. தட்டை மூடி வைத்துவிட்டுத் தீயணைப்பு வண்டியில் ஏறினேன். திரும்பி வந்ததும் அதைச் சாப்பிட்டேன்.

குமாசியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிறீர்கள். உங்கள் அறிக்கை எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு நாற்பதுக்குள் அணைத்திருக்க வேண்டிய தீ. மூன்று கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க வண்டிக்கு இருபத்தொரு நிமிடம் ஆகியிருக்கிறது. ஓட்டியவர் இத்ரிசு. அவரை வேலையை விட்டு நீக்கி, போலீஸில் ஒப்படைக்கப் பரிந்துரைக்கப் போகிறீர்கள். அவர் வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார். அதனால் நான் வந்தேன். என் ஆட்களை நான் எப்போதும் பார்த்துக்கொள்வேன். நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் மர அறுவை ஆலையில் தீ. போய்ச் சேர ஒன்பது நிமிடம்தான். ஆனால் தொட்டியில் பாதித் தண்ணீர். ஆலைக்கு எதிரே தொட்டி நிரப்பச் சாலையோரக் குழாய் ஒன்று இருந்தது. யாரோ அதன் மேல் செல்போன் பழுதுபார்க்கும் பெட்டிக்கடை வைத்திருந்தார்கள். ஆறு நிமிடம் அடித்தோம். பிறகு தண்ணீர் தீர்ந்து எங்கள் கையிலிருந்த குழாய் துவண்டுவிட்டது. கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "தண்ணி இல்லாம எதுக்குடா வந்தீங்க? குளிர் காயவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முதல் கல் வந்தது.

அமுசு என்பவர் அப்போது எங்கள் ஓட்டுநர். சிமெண்ட் கல் அவர் தலையில் விழுந்தது. மூன்றாம் நாள் இறந்தார். துறை ஒரு மலர்வளையம் அனுப்பியது. மக்கள் ஆத்திரத்தில் செய்தது என்று எழுதி முடித்தார்கள். யாரையும் கைது செய்யவில்லை. கல்லெறிந்தவர்களில் இருவரை நான் இன்றும் சந்தையில் பார்க்கிறேன். வணக்கம் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு நான் கூட்டத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். நெருப்பைப் பற்றிப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் பதினைந்து நிமிடம் ஜனங்களிடம் நம்பிக்கை இருக்கும். நம்பிக்கை இருக்கும்வரை கல்லும் இருக்கும். இருபது நிமிடம் ஆனால் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது போனால் எழுந்து வழி விடுவார்கள். தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து கையில் கொடுப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். எரிந்தது அவர் வீடு.

ஆனால் தீயணைப்பு வண்டி சாலையில் சும்மா நிற்க முடியாது. எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் ஜெபம்.

எங்கள் ஊரில் ஜெபிக்காமல் எதுவும் தொடங்காது. பேருந்து கிளம்பாது, வங்கி திறக்காது. பழைய கோகோ கிட்டங்கி மேட்டில் இருக்கிறது. ஊரில் எங்கே புகைந்தாலும் அங்கிருந்து தெரியும். வண்டியை அங்கே நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கைகோத்து நிற்போம். நான் ஜெபிப்பேன். வழியில் போகிறவர்களும் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்துவதில்லை. நிலையத்திலிருந்து ரேடியோவில் கேட்டால், வந்துகொண்டிருக்கிறோம் என்போம்.

இத்ரிசு முஸ்லிம். இறங்கமாட்டார். ஸ்டியரிங் மேல் உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டார்: "டோன்டோ சார், உங்க ஆண்டவருக்குக் காது கொஞ்சம் மந்தமா? நாங்க சொன்னா ரெண்டு நிமிஷத்துல கேட்டுடுதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கண்ணைத் திறந்து வைத்துத்தான் ஜெபிப்பேன். கரும்புகை மெலிந்து சாம்பல் நிறத்துக்கு வந்ததும் ஆமென் சொல்வேன். இந்த ஆறு வருடத்தில் என் குழுவில் ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. மண்டல அலுவலகம் இரண்டுமுறை எனக்குப் பாராட்டுப் பத்திரம் தந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட ஹர்மட்டான் காற்று, உதடெல்லாம் வெடித்திருந்தது. தீப்பிடித்தது மேடம் அராபாவின் தையல் பள்ளியில். அவர் நூல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அழைத்தவர் சொன்னதை ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். பின்னறையில் மூன்று பெண்கள், ஜன்னலில் இரும்புக் கம்பி. படித்துவிட்டுப் பையில் வைத்தேன்.

வண்டியில் போகும்போது பம்ப் பார்க்கும் பாஃபோ சொன்னான்: "சார், இன்னிக்கு டேங்க் ஃபுல்லு. காலைல நானே ரொப்புனேன்."

"நல்லது" என்றேன்.

கிட்டங்கி வந்ததும் இத்ரிசு வேகத்தைக் குறைக்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். நிறுத்தினார். மணி இரண்டு பதினாறு.

டேலா என்ற பெண் எங்கள் நிலையத்துக்கு வந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. என் இடக்கையை அவள் பிடித்திருந்தாள். தொடங்கிய சற்று நேரத்தில் கையை இழுத்தாள்.

"சார், புகை கருகருன்னு இருக்கு. உள்ள ஆள் இருக்காங்க சார்."

"கண்ணை மூடும்மா" என்றேன்.

நாட்டுக்காக ஜெபித்தேன். மழைக்காக. விதவைகளுக்காக. அமுசுவின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஜெபித்தேன். டேலா நடுவில் ஆமென் என்றாள். நான் நிறுத்தவில்லை. மறுபடி, இன்னும் சத்தமாக, ஆமென் என்றாள். "போதும் சார், அவருக்குக் கேட்டிருக்கும்" என்றாள். அவள் கையை நான் விடவில்லை. இத்ரிசு ஒருமுறை ஹாரன் அடித்தார். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஹாரன் அடித்தார்; நான் பொறு என்று விரலை உயர்த்திக் காட்டினேன்.

இரண்டு இருபத்தேழுக்கு ஆமென் சொன்னேன்.

நாங்கள் போனபோது எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கல்கூட விழவில்லை. கம்பி வெட்டும் இயந்திரம் முதல் இழுப்பிலேயே ஓடியது. ஜன்னலைத் திறக்க மூன்றரை நிமிடம் ஆனது. மூன்று பெண்களும் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தார்கள். ஒருத்தி மேடம் அராபாவின் மகள்.

தொட்டி நிறைந்திருந்தது, இயந்திரம் இருந்தது, உள்ளே ஆள் இருப்பது தெரியும், பிறகு ஏன் நின்றாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். தொட்டியில் என்ன இருக்கிறது என்பது கூட்டத்துக்குத் தெரியாது. சீக்கிரம் போய், இயந்திரம் ஓடாமல் போயிருந்தால்? மூவரில் ஒருத்தியை மட்டும் வெளியே எடுத்திருந்தால்? மற்ற இருவரின் வீட்டார் சும்மா இருப்பார்களா? என் பொறுப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் அன்று வீடு திரும்பினார்கள்.

ஆகவே தாமதம் என்னுடையது. இத்ரிசுவை விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். காத்திருந்தார் என்று எழுதாதீர்கள். நான் ஜெபித்தேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பார்த்தவர்களில் ஒருத்தி கிட்டங்கி எதிரே கென்கே விற்பவள். அவள் இதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். நேற்று மேடம் அராபா நிலையத்துக்கு வந்தார். கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி உடுத்தியிருந்தார். உரித்த ஆரஞ்சுகளை ஒரு தட்டில் கொண்டுவந்திருந்தார். கோபமாக வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"வர்ற வழியில வண்டிய நிறுத்தி, என் பொண்ணுக்காக அவ்வளவு நேரம் ஜெபம் பண்ணீங்களாம்" என்றார். "கடைக்காரம்மா சொன்னாங்க. அவளுக்குன்னு என்ன கேட்டீங்க, ஐயா?"