கேள்வியெல்லாம் கடைசியில

…கையத் தூக்கினா மட்டும் போதுமாங்க? சத்தம் போட வேணாமா? "சார், நிறுத்துங்க"ன்னு ஒரு குரல்... அதுகூட வேணாம், ஒரு இருமல். பேனாவத் தூக்கி என் மேல எறிஞ்சிருக்கலாம், நான் கோவிச்சுக்கவே மாட்டேன். பதினாறு பேர் உக்காந்து பாக்கறீங்க. சுவர் அகலத்துக்குத் திரைய விரிச்சுப் போட்டு, நம்ம சர்வர நானே அழிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிறீங்க. அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிக்காரர் ஸ்கேல் வச்சு அடிக்கோடு வேற போட்டார். நான் பாத்தேன்.

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பெஞ்சு அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடும், நடுவுல வாங்க. உங்கள இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. நம்ம இன்ஸ்டிட்யூட் டைரக்டர் ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு, நடந்தது என்னன்னு விசாரிச்சுக்கிட்டிருக்கார். இப்ப நம்ம வகுப்பு பேங்க்காரர் உள்ள இருக்கார். அவர்கிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரம் வாங்கின கதையிலேருந்து ஆரம்பிப்பார். நீங்கதான் கடைசி.

நானா? எனக்கு விசாரணையெல்லாம் முடிஞ்சு போச்சு. "வெளிய இருங்க, எல்லார்கிட்டயும் கேட்டுட்டுக் கூப்பிடறேன்"னார். பள்ளிக்கூடத்துல படிக்கறப்பகூட நான் வகுப்புக்கு வெளிய நின்னதில்லங்க. இந்த வயசுல அந்தக் குறையும் தீந்துச்சு.

இல்ல, நடந்தத நான் ஒருதரம் சொல்லிடறேன். நீங்க அங்கதான் இருந்தீங்க, வாஸ்தவம். இருந்தாலும் என் பக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. காலைல உங்க பயிற்சிக்கு ஒரு பெரிய ஃபைல் தேவைப்பட்டுது. அது நம்ம இன்ஸ்டிட்யூட்டோட நிஜ சர்வர்ல கெடந்துது. சரின்னு அதையும் என் கம்ப்யூட்டர்ல தொறந்தேன். ஃபைல எடுத்தேன். எடுத்தா மூடணுமில்ல? அப்புறம் மூடிக்கலாம்னு விட்டுட்டேன். ஆக, ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு ஜன்னல். ரெண்டும் ஒரே நீலம். ஒண்ணு, அழிச்சு அழிச்சு விளையாடறதுக்குன்னே இருக்கற பயிற்சி மெஷின். இன்னொண்ணு, இந்தக் கோர்ஸ் ஆரம்பிச்ச நாளிலேருந்து நீங்கல்லாம் செஞ்ச வேலை மொத்தமும் இருக்கற சர்வர். அந்த வேலையப் பாத்துத்தான் உங்களுக்கு சர்டிஃபிகேட்டே.

நிஜ மெஷினுக்குச் சிவப்புப் பின்னணி வைங்க, பயிற்சி மெஷினோட குழப்பிக்காதீங்கன்னு உங்களுக்குச் சொன்னது யாரு? நான்தான். மொத நாளே சொன்னேன். மேஜையத் தட்டிச் சொன்னேன். நம்ம சர்வருக்கு நான் வச்சேனா? வைக்கல. ஊருக்குத்தான் உபதேசம்.

அதுவும் நான் என்ன சொல்லிக்கிட்டே அழிச்சேன் தெரியுமில்ல? "டிஸ்க்க அழிக்கறதுக்கு முன்னாடி, எந்த மெஷின்ல இருக்கோம்னு பேர ஒருதரம் பாத்துக்கணும்." இத சொல்லிக்கிட்டே அழிச்சேன். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மெஷினாவது சும்மா இருந்துச்சா? "நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு. பாவம், அதுக்கு இருந்த அக்கற. நான் என்ன சொன்னேன்? "இது இப்படித்தான் கேக்கும், நீங்க ஆமான்னு குடுத்துட்டுப் போயிட்டே இருங்க"ன்னேன். அதையும் எழுதிக்கிட்டீங்க.

அதுக்கப்புறம் டைரக்டர் கேட்டார், பேக்கப் எங்கய்யான்னு. பேக்கப் இருந்துச்சுங்க. தினம் தவறாம எடுத்துருக்கேன். அதே டிஸ்க்லதான் எடுத்து வச்சிருந்தேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. சாவிய வீட்டுக்குள்ள வச்சு வீட்டப் பூட்டின கததான். இத்தன வருஷமா எத்தன பேருக்கு இதச் செய்யாதீங்கன்னு சொல்லியிருப்பேன்.

எங்க வீட்டம்மா கேள்விப்பட்டா ஆச்சரியப்பட மாட்டா. நாங்க வீடு மாறினப்ப நான்தான் தலைமை. பழைய சர்வர்லேருந்து புது சர்வருக்கு மாறறது வீடு மாறற மாதிரின்னு வகுப்புல சொல்வேன்ல, அதச் செஞ்சு காட்டணும்னு ஆச. எல்லாப் பெட்டிக்கும் நானே பேர் எழுதி ஒட்டினேன். புது வீட்டுக்குப் போய் எறக்கினா, எல்லாப் பெட்டி மேலயும் "முக்கியம்"னு எழுதியிருக்கு. ஒரு துண்டு எடுக்கறதுக்கு அவ ஒம்பது பெட்டி பிரிச்சா. எம் மச்சான், அதாவது அவ தம்பி, சும்மா இருப்பானா? "அத்தான் வாங்கற சம்பளத்துல பாதிய பெட்டி தூக்கினவனுக்குக் குடுக்கலாம்"னான். அன்னிக்கு அவன்கூட நான் சண்ட போட்டேன். இன்னிக்கு வந்து கேட்டான்னா மொத்தத்தையும் குடுத்துடுவேன்.

என்னமோ சொல்ல வர்றீங்க, இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

பாருங்க, மறுபடியும் அதையேதான் சொல்றேன். இருங்க, அப்புறம், கடைசில. எனக்கு நீங்கல்லாம் என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு தெரியும். "அப்புறம் சார்." தண்ணி பிடிக்கற எடத்துல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க, "அப்புறம் சார் வந்துட்டாரா?"ன்னு. நான் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன். வந்துட்டாருன்னு நானே சொல்லலாம்னு பாத்தேன்.

கோவமெல்லாம் இல்ல. பேரு சரியாத்தான் வச்சிருக்கீங்க. உள்ள நுழைஞ்சதும் நான் சொல்ற மொத வார்த்தையே "கேள்வியெல்லாம் கடைசில"தானே. கடைசின்னு ஒண்ணு வந்திருக்கா? மணியாயிடும், நான் பையத் தூக்கிக்கிட்டு ஓடிடுவேன். அப்படியிருக்கறப்ப நீங்க வாயத் தொறக்கலைன்னு குத்தம் சொல்றேன் பாருங்க. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்.

அதுலயும் நீங்க ஒருத்தர்தான் கையத் தூக்கினீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சுக்காதீங்க, நல்லாப் பாத்தேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரப் பாத்துக்கறவங்கதானே நீங்க. பாத்துட்டு, "ஆஸ்பத்திரிக்காரங்க அவசரமா இருக்காங்க, ஆனா இங்க யாருக்கும் உசுரு போகல"ன்னு ஒரு ஜோக் அடிச்சு, கைய எறக்கச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் லேசா சிரிச்சீங்க. எறக்கிட்டீங்க. அடுத்த நிமிஷம்தான் நான் "ஆமா"ன்னு குடுத்தேன்.

இதுலதாங்க இப்ப சிக்கலே. டைரக்டர் என்னக் கேட்டார், "ஒருத்தர்கூடவா உங்ககிட்ட சொல்லல?"ன்னு. நான், "ஒருத்தரும் வாயத் தொறக்கல சார்"ன்னேன். பொய்யில்ல பாருங்க. நீங்க வாயத் தொறக்கல, கையத்தான் தூக்கினீங்க. ...சரி, பொய்தான். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சேன். அவரு நியாயமான மனுஷன். "யாரும் கவனிக்கலைன்னா இது தவறுதலா நடந்தது, யாருக்கும் நடக்கும், விட்டுடலாம். ஆனா ஒருத்தர் தடுத்தும் நீங்க கேக்காமப் போயிருந்தீங்கன்னா, நாளைலேருந்து வேற ஆளு பாடம் எடுக்கட்டும்"னார். அதான் ஒவ்வொருத்தரா கேக்கறார். இதுவரைக்கும் போனவங்க யாரும் உங்க கையப் பத்திச் சொன்ன மாதிரி தெரியல. எனக்காகச் சொல்லலையோ, எழுதற மும்முரத்துல பாக்கவேயில்லையோ.

கை தூக்கினத உள்ள சொல்ல வேணாம்னு உங்ககிட்ட கேக்க வரல. ...அதக் கேக்கத்தான் வந்தேன். வேற எதுக்கு இந்த ஆடற பெஞ்சுல உக்காந்து இவ்வளவு பேசிக்கிட்டிருக்கேன்? பொண்ணு காலேஜ்ல இருக்கா. இந்த வயசுல இன்னொரு எடத்துல போய், எனக்கு என்ன தெரியும்னு சொல்லி வேல கேக்கறது?

உங்களுக்கும் கஷ்டம்தான், தெரியுது. இந்த சர்டிஃபிகேட்டக் காட்டினாத்தான் ஆஸ்பத்திரில உங்க வேலைய நிரந்தரம் பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும். அதுக்கு லீவு தருவாங்களோ என்னமோ. அதெல்லாம் தெரிஞ்சும் உங்ககிட்டயே வந்து எனக்கு ஒத்தாசை பண்ணுங்கங்கறேன். வெக்கமாத்தாங்க இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் எப்பவும் இப்படி இல்ல. முன்னல்லாம் வகுப்புல யார் கேட்டாலும் எப்ப கேட்டாலும் பதில் சொல்வேன். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். போன வருஷம் சர்வர் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்துச்சில்ல? ஒருத்தர் எழுந்திரிச்சு அதப் பத்தி என்னமோ கேட்டார். எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம், நாலு எழுத்து. வாய் வரலைங்க. "நல்ல கேள்வி, அப்புறம் பாப்போம்"னேன். அன்னிக்கு ஆரம்பிச்ச அப்புறம்தான் இது. அதுக்கப்புறம் யாராவது கையத் தூக்கினாலே நான் திரைப் பக்கம் திரும்பிக்குவேன். ஊர்ல இருக்கற சர்வரையெல்லாம் புதுசுக்கு மாத்தறது எப்படின்னு சொல்லித்தர்றவன், நான் மட்டும் பழசுலயே ஓடிக்கிட்டிருக்கேன். பழைய வெர்ஷனுக்கெல்லாம் கம்பெனி சப்போர்ட்ட நிறுத்திடும்னு நான் சொல்றதையே புடிச்சுக்கிட்டு எங்க வீட்டம்மா சொல்லுவா, "உங்களுக்கு சப்போர்ட் நிறுத்தி ரொம்ப நாளாச்சு"ன்னு.

ஆங்? சொல்லுங்க, சொல்லுங்க. இல்ல, இந்தத் தடவ நான் நடுவுல பேசல.

...என்னது? மெஷின் பேரப் பாத்து நீங்க கை தூக்கலையா?

நெஜமாவா? தப்பான ஜன்னல்ல இருக்கேன்னு உங்களுக்கும் தெரியலையா? அட. அப்ப நீங்க என்னத் தடுக்கல. யாருமே தடுக்கல. அப்ப நான் உள்ள சொன்னது... அட, நான் பொய்னு நெனச்சு சொன்னது நெசமாப் போச்சே! அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க இத இப்படியே போய்ச் சொன்னாப் போதும். ஏங்க, இத மொதல்லயே சொல்லியிருந்தா என் மச்சான் கத வரைக்கும் நான் போயிருக்க மாட்டேனே!

சரி, அப்ப என்னதான் கேக்கத் தூக்கினீங்க?

ம்.

ம்... இருங்க, சரியாப் புரிஞ்சுக்கறேன். ஆஸ்பத்திரிய மூட முடியாது. பழைய சர்வர்லேருந்து புதுசுக்கு எல்லாம் போயிக்கிட்டிருக்கறப்பவே நோயாளிங்க வந்துக்கிட்டிருப்பாங்க, நர்சுங்க மருந்த எழுதிக்கிட்டிருப்பாங்க. பாதியில நின்னு போச்சுன்னா, அந்த நேரத்துல எழுதினது பழசுல இருக்குமா, புதுசுல இருக்குமா? ரெண்டுலயும் இல்லாமப் போயிடுமா? போயிடுச்சுன்னா, ஒருத்தருக்குக் குடுத்த மருந்தயே இன்னொருதரம் குடுத்துட மாட்டாங்களா?

இதையா கேக்க வந்தீங்க? உசுரு போகலைன்னு நான் ஜோக் அடிச்சப்ப கையில வச்சிருந்த கேள்வி இதா?

எனக்குத் தெரியாதுங்க.

...சொல்லிட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல.

ஆனா ஒண்ணு பாருங்க. காலைல உங்களக் கேக்க விட்டிருந்தா நான் அப்படியே முழிச்சிருப்பேன். மவுஸ விட்டுட்டுத் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னிருப்பேன். "ஆமா"ன்னு குடுத்திருக்கவே மாட்டேன். அந்த சர்வர் இந்நேரம் உசுரோட இருந்திருக்கும். உங்க வேல, மத்தவங்க வேல எல்லாம் இருந்திருக்கும். எந்தக் கேள்விக்குப் பயந்து உங்க கைய எறக்கச் சொன்னேனோ, அந்தக் கேள்வி ஒண்ணுதான் என் கையத் தடுத்திருக்கும். தடுத்தும் கேக்காமப் போனீங்களான்னு டைரக்டர் கேட்டாரே, அதுக்கு இதவிட வேற என்ன பதில் வேணும்?

கதவு தொறக்குது. பேங்க்காரர் ஒருவழியா முடிச்சுட்டார்... உங்களத்தான் கூப்பிடறாங்க.

இல்ல, நீங்க உக்காருங்க. நான் போறேன். ஒருத்தங்க கை தூக்கினாங்க, நான்தான் எறக்க வச்சேன்னு சொல்லிட்டு வந்துடறேன். வந்ததும் உங்க கேள்விய எடுத்துக்கலாம். வேல மிஞ்சுச்சுன்னா வகுப்புல, எல்லாரோடயும். மிஞ்சலைன்னா இங்க, இந்தப் பெஞ்சுலயே. நீங்க மட்டும் போயிடாதீங்க.