நான் பூட்டிய பாடம்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் முதல்வர் முத்துநாயகம் அவர்களே, மாவட்டத்தின் கல்லூரிகள்தோறும் இருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மதியச் சமையலை முடித்த கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, கொட்டாரம் ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்!

நான் அதிகம் பேசாதவள். பேசுகிறவர்களை நம்பாதவள். இணையவழிப் பாடத்தை அதைவிட நம்பாதவள். அப்படிப்பட்டவள் இன்று உங்கள் முன் துள்ளுகிறேன் என்றால், காரணம் ஒரு திருட்டு!

சென்ற ஆண்டு என் புள்ளியியல் பாடத்தைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றினேன். ஐம்பது நிமிடம்; அதில் ஏழு நிமிடம் என் இருமல். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. விடுவேனா? என் உழைப்பு, என் பாடம், என் பிள்ளைகளுக்கு! கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். பலமான பூட்டு. மறுவாரம் கடவுச்சொல் மறந்துபோய் எனக்கே திறக்கவில்லை. சிரியுங்கள், சிரியுங்கள், எனக்குச் சிரிக்க ஓராண்டு ஆனது. வேறு நகல் வைத்திருந்தேனா? புள்ளியியல் ஆசிரியைக்கு அந்த நிகழ்தகவு தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தாள் சிந்தியா. கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். காலையில் அம்மாவோடு மீன் ஏலத்தில் நிற்பதால் என் முதல் வகுப்பு அவளுக்கு என்றும் பாதிதான். புள்ளியியல் தேர்வில் இருமுறை தவறியவள். மூன்றாவதும் தவறினால் பட்டமில்லை. தேர்வுக்கு நான்கே நாள். பாடம் பூட்டிக் கிடப்பதைத் தலைகுனிந்து சொன்னேன். அவளும் தலைகுனிந்தாள்.

"மிஸ், ஏசப்பிடாது. நீங்க பூட்டுகதுக்கு முந்தியே போன்ல எடுத்தேன். திருநாள் பாட்டுக்கு இடம் பத்தல்லன்னு அழிச்சுப்போட்டேன். ஆனா நான் அனுப்புனது முப்ஷிராக்க போன்ல கெடக்கு."

முப்ஷிரா யார்? அந்தப் பக்கத்துக் கல்லூரி மாணவி! யாரைத் தடுக்கப் பூட்டினேனோ, அவர்கள் வாசலில் போய் நின்றேன். அங்கே பேராசிரியை ஜுபைதா பீவி, முப்ஷிரா கொடுத்த என் பாடத்தை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கணக்கு சேர்த்து வைத்திருந்தார்.

"உங்களுக்க பாடம் நல்லதாக்கும் டீச்சரே. இருமலை மட்டும் வெட்டிட்டேன்" என்றார்.

அத்தனை துண்டுகளும் சிந்தியாவின் போனுக்கு வந்தன. ஏலத்துக்கும் ஏலத்துக்கும் நடுவே ஒரு துண்டு. பேருந்தில் ஒரு துண்டு. குடத்துக்குத் தண்ணீர் நிறையும்வரை ஒரு துண்டு. துண்டு துண்டாகப் படித்தாள்; முழுதாகத் தேறினாள்! அதோ, மூன்றாம் வரிசை. எழுந்து நில், சிந்தியா. கைதட்டலை அவளுக்குக் கொடுங்கள், எனக்கு வேண்டாம்.

நல்ல முறை யாருடையது? எடுத்தவளுடையதா, கொடுத்தவளுடையதா, நறுக்கியவருடையதா? நிச்சயமாகப் பூட்டியவளுடையது அல்ல! என் பாடங்கள் அனைத்தையும் இன்று காலை பூட்டில்லாமல் ஏற்றிவிட்டேன். எடுங்கள், நறுக்குங்கள், திருத்துங்கள். உங்களுடையதையும் இப்படியே வெளியில் வையுங்கள். நாங்களும் திருட வேண்டாமா?

இருமலையும் பொறுத்துக்கொண்டு செவிமடுத்த அவைக்கு என் நன்றி. வணக்கம்.