லம்போர்கினி பிரேமாவதியின் பெயரில் உள்ளது

பெயர்: பிரேமாவதி த/பெ தர்மலிங்கம். வயது: 57. தொழில்: சொந்த லாரிப் போக்குவரத்து. முகவரி: 14, தாமான் பாயு, பாலிங், கெடா. மலாய் தெரிந்திருந்தும் தமிழில் பேச விரும்பிய மேற்படியார் சொல்லச் சொல்ல, போலீஸ் சார்ஜன் ஏசுதாசன் எழுதிக்கொண்டதாவது:

நான் மேற்படி முகவரியில் குடியிருக்கிறேன். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் எனக்குச் சொந்தம். ஆள் வராத நாளில் நானே ஓட்டுவேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கப்பட்டது. அது இந்தப் புகாருக்குத் தேவையில்லை என்று சொன்னேன். சார்ஜன் ஒப்புக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

என் தம்பி நடராஜா தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறான். பக்கத்து வீட்டில் குடியிருக்கிறான். சென்ற திங்கட்கிழமை அவன் இந்த நிலையத்தில் கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. டேரில் என்ற கார் விற்பனையாளர் என்னை மயக்கி ஓர் இத்தாலிய லம்போர்கினியை என் தலையில் கட்டிவிட்டார் என்றும், எனக்குப் புத்தி நிதானத்தில் இல்லை என்றும் அதில் உள்ளது. அதன்பேரில் கார் இந்த நிலையத்து வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துப் போகவே வந்திருக்கிறேன். வேறு எதற்கும் வரவில்லை.

எனக்கு அந்தக் காரின் மேல் ஆசை எப்படி வந்தது என்று கேட்கப்பட்டது. போன வருடம் ஒரு நாள் காலை, குரூண் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் லாரியை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தாய்லாந்து பக்கம் போகிற பணக்காரர்களின் கார்கள் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒரு பச்சைக் கார் என் முட்டி உயரம்தான் இருக்கும் போலத் தோன்றியது. அதன் பக்கவாட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். அதன் சொந்தக்காரர் ஓடி வந்து, "ஆன்ட்டி, ஜாங்கான் பெகாங்!" என்று, தொடக்கூடாது என மலாயில் கத்தினார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் ஒரு துணியை எடுத்து, நான் தொட்ட இடத்தைத் துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் யாரும் லம்போர்கினி வாங்குவதில்லை. அது கிளம்பியபோது வந்த சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது, பிடித்துப்போனது. அதனால்தான் வாங்கினேன்.

அதன் பிறகு பட்டர்வொர்த்தில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனேன். டேரில் அங்கேதான் வேலை செய்கிறார். "யாருக்கு ஆன்ட்டி, மகனுக்கா?" என்று கேட்டார். எனக்கு என்றேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன் பிறகு பல தடவை போனேன். அந்தக் காருக்குள் போவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. கதவைப் பிடித்து எழுந்து பழகினேன். கடைசி நாள்கூட டேரில், "ஆன்ட்டி, இன்னொரு தடவ யோசிச்சிக்குங்க லா. நம்ம ரோட்டுக்கு இது சரிப்படாது, முதுகு போயிரும்" என்றார். மயக்குகிறவன் இப்படிப் பேசுவதில்லை என்பதை அதிகாரி கவனிக்க வேண்டும். பணம் வந்த வழிக்கான வங்கித் தாள்களைக் கொடுத்துவிட்டேன். அதில் சந்தேகம் எதுவும் சொல்லப்படவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் காருக்குப் பூசை போட எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். நடராஜாவும் அவன் மனைவி குணவதியும் முன்னாலேயே வந்திருந்தார்கள். தோட்டமே வந்திருந்தது. கோயில் வாசல் மேட்டில் கார் தட்டும் என்று நான்கு பேர் பலகை தூக்கி வந்தார்கள். நான் ஒரு பொத்தானை அழுத்தியதும் காரின் மூக்கு தானாக மேலே எழும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். முனியாண்டிக்குச் சுருட்டுப் படைத்தோம். பூசாரி யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அதன் பிறகு அவர் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சைப் பழம் வைத்து, சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

தட்டு என் தம்பி பக்கம் நீட்டப்பட்டது. பூசாரியைக் குறை சொல்லவில்லை. குடும்பத்து ஆண்பிள்ளை கையில் கொடுப்பது அவருக்குப் பழக்கம். நடராஜா சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீ தள்ளி நில்லுக்கா. ஆம்பள ஓட்டித்தான் பழத்த நசுக்கணும்" என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தான்.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். காரைக் கிளப்பும் பொத்தான் ஒரு சிவப்பு மூடிக்குள் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பையன் காட்டிக் கொடுத்தான். கார் உறுமியதும் குணவதி காதைப் பொத்திக்கொண்டாள். அவன் இடது கையால் கியரைத் தேடினான். அந்தக் காரில் கியர்க்கம்பி கிடையாது. இருக்கைக்குக் கீழேகூடத் தேடினான். யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குனிந்து, "எறங்குடா தம்பி. என் காடி, நான் ஓட்டுறேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் கேட்டுவிட்டது. அவன் வெளியே வர முடியாமல் தடுமாறினான். கையைக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. அதன் பிறகு நான் ஏறி, பழங்களை நசுக்கி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது வேதனையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

மறுநாள் அவன் புகார் கொடுத்தான்.

டேரில் ஏமாற்றினார் என்று நான் எழுதிக் கொடுத்தால், விற்பனை நிலையம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்றும், தம்பியும் சமாதானமாகிவிடுவார் என்றும், குடும்பத்துக்கு அதுவே நல்லது என்றும் அதிகாரி எடுத்துச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு என் லாரியையும் யாரோ மயக்கித்தான் வாங்க வைத்தார் என்பார்கள். வீட்டையும் என்பார்கள். புத்தி நிதானத்தில் இல்லை என்ற வரியை அடிக்க வேண்டும். அதை அடிக்கும்வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து நடராஜா அழைக்கப்பட்டு, அந்த வரியை அடித்து, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய்ப் புகார் என்று அவன்மேல் நடவடிக்கை எடுக்க விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. விரும்பவில்லை. அவன் என் தம்பி.

காரை வீட்டில் சேர்க்க இழுவை லாரி ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நானே ஓட்டிப் போகிறேன். நடராஜாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குணவதி முன்பே போய்விட்டாள் என்றும், அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். அந்தக் காரில் இருப்பது இரண்டே இருக்கைகள். ஓட்டுகிற இருக்கை என்னுடையது. மற்றதில் அவன் வந்து உட்காரலாம்.

நான் சொன்னதெல்லாம் என் முன் வாசிக்கப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் எதுவுமில்லை. யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு நிதானத்தோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பிரேமாவதி த/பெ தர்மலிங்கம்
காரின் உரிமையாளர்