இலவசமாகத் திருப்பி அனுப்பலாம்

பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் காதோரம் வைத்து ஒரு தடவை குலுக்கிப் பார்க்க வேண்டும், சேர். உள்ளே சத்தம் கேட்டால் சாமான் உடைந்துதான் போய்ச் சேரும். இது தெரியாமல்தான் பலர் ஒன்லைனில் கடை போட்டுவிட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். என்னிடமிருந்து போன பெட்டி வழியில் நசுங்கியது என்று இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். என் சிங்களம் பேரம் பேசப் போதும், இதற்குப் போதாது. அதனால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பிளேன்டீகூட வாங்கித் தந்தீர்கள்.

என் பெயர் ஜூட்சன். நோர்வூட் டவுனில் பேக்கரிக்கு மேலே இரண்டு அறை எடுத்து, ஒன்றில் நானும் என் மனைவி பெற்றீசியாவும் இருக்கிறோம், மற்றதில் சாமான் இருக்கிறது. சுவெட்டர், கம்பளி, பிள்ளைகளின் தொப்பி, கேத்தல், வாளித் தண்ணீரைச் சுட வைக்கும் கொயில் என்று குளிருக்கு வேண்டியதெல்லாம் வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒரு கம்பனி நடத்தும் ஒன்லைன் சந்தையில்தான் அவ்வளவும் விற்கிறது. என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்து, லயத்து வரிசை வீட்டில் ஒற்றைக் காம்பராவில் இருந்தவர்கள். அந்த லயத்தை விட்டுப் படியிறங்கி வந்து, என் பெயரில் ஒரு கடை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது இது ஒன்றுதான். கண்ணாடி அலுமாரியும் பெயர்ப்பலகையும் வைத்தவர்கள் சிரிப்பார்கள். போனுக்குள் இருந்தாலும் கடை கடைதான்.

அந்தச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம், இலவசம். யாருக்கு இலவசம் என்று பார்க்க வேண்டும். கூரியர்காரன் சும்மா மலை ஏறமாட்டான். போன கூலியும் வந்த கூலியும் என் தலையில்தான் விழும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதை. நெய் என்னுடையது, பரிமாறிப் பெயர் வாங்குவது கம்பனி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வருவது கூடினால் கடையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இன்னும் கூடினால் மூடிவிடுவார்கள். பேசிப் பார்க்க அங்கே ஓர் ஆள் கிடையாது. நாம் எழுதினால் ஒரு மெஷின் வணக்கம் சொல்லும்.

தனுஷிகா என்ற பெயர் எனக்குப் பழக்கமானது இப்படித்தான். குருவிக்கொல்லைத் தோட்டம், மேல்லயம். முகம் தெரியாது. மூன்று அளவில் சுவெட்டர் எடுப்பாள், இரண்டைத் திருப்புவாள். சப்பாத்து எடுப்பாள், செம்மண்ணோடு திருப்புவாள். ஒரு பாவாடை சட்டை வந்தது. கழுத்துப் பட்டியில் திருநீறு, சட்டைக் கையில் சந்தன வாசம். அந்த வாரம்தான் தோட்டத்துக் கோயிலில் தேர். போட்டு, சாமி கும்பிட்டு, மடித்து அனுப்பியிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் "அளவு சரியில்லை" என்று இருந்தது. அதை மோந்து பார்த்துவிட்டு மூலையில் எறிந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பெற்றீசியா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"விடுங்க. ஒரு புள்ள நாலு உடுப்ப திருப்புனா நம்ம குடியா முழுகிரும்?" என்றாள்.

"நாலு இல்ல."

"எத்தனையா இருந்தா என்ன? நீங்க அந்தப் புள்ளயவே நெனச்சிக்கிட்டுக் கெடக்குறீங்க. சோத்த சாப்புடுங்க மொதல்ல."

பிறகு கம்பனியிடமிருந்து எச்சரிக்கை வந்தது. திரும்பி வருவது குறையாவிட்டால் கடை மூடப்படும் என்று. அதைப் பெற்றீசியாவிடம் காட்டினேன். நான் திரும்பி வந்தவற்றைத் தரையில் பரப்பி, யாரிடமிருந்து எது என்று பிரித்தேன். மேல்லயத்துக் குவியல்தான் உயரம். என் கடையைச் சாகடிக்கப் போவது ஒரே ஓர் ஆள் என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தெரிந்ததும் மனதுக்கு ஒரு நிம்மதி வந்தது. எதிரி இன்னார் என்று தெரிந்துவிட்டால் நல்ல தூக்கம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் வட்டகொடையில் ஒரு வாத்தியாருக்கு அனுப்பிய கொயில் திரும்பி வந்தது. "தண்ணீரைத் தொட்டால் அடிக்கிறது" என்று எழுதியிருந்தார். இது நியாயமான முறைப்பாடு. அப்படிப்பட்டவர்களை நான் மதிக்கிறேன். வாளியில் போட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். டெஸ்டரில் லைட் எரிந்தது. குழாயில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு.

"அத ரெண்டா முறிச்சுக் குப்பையில போடுங்க. ஆரும் பொறுக்கிட்டுப் போயிறப் போறாங்க," என்றாள் பெற்றீசியா.

போட்டுவிட்டேன் என்றேன். வியாபாரத்தில் நான் பொய் சொன்னதே இல்லை, சேர். இது வீட்டுக்குள் சொன்னது.

அந்தக் கொயிலை ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்டீர்கள். எனக்கே தெளிவாகத் தெரியாது. கொஞ்ச நாள் அது சாமான் தட்டின் மேலே, துணி சுற்றி, சும்மா இருந்தது. பிறகு தனுஷிகாவிடமிருந்து ஓர் ஓடர் வந்தது. கொயில் ஒன்று. அவள் கேட்டது அது, என்னிடம் இருந்தது அது. கர்த்தர் வழி காட்டினார் என்று சொல்லமாட்டேன். அவரை இதில் இழுப்பது சரியில்லை.

தட்டில் புதுக் கொயில்களும் இருந்தன. அதையும் எழுதிவிடுகிறேன்.

துணியால் துடைத்தேன். புதுப் பெட்டியில் வைத்தேன். அனுப்பும் சாமான் ஒவ்வொன்றையும் கட்டுவதற்கு முன் கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுப்பது என் வழக்கம். சாமானை மாற்றி வைத்துத் திருப்புகிறவர்கள் உண்டு. போட்டோ இருந்தால் வாய் திறக்கமாட்டார்கள். இதையும் எடுத்தேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. பெட்டியைக் காதோரம் குலுக்கினேன். சத்தம் இல்லை. கூரியர்காரன் கிஷாந்த் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு சின்ன அதிர்ச்சி, ஒரு பாடம், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, லயத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்காது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். டவுன் வீடுகளில் கரண்ட் ஒழுகினால் அதுவாகவே நின்றுவிடும், அந்த வாத்தியார் அதனால்தான் தப்பினார். லயத்தில் ஒரு காம்பராவில் கரண்ட் இருக்கும், அங்கிருந்து கூரை வழியாக அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்திருப்பார்கள். தரை எந்நேரமும் ஈரம். காலில் செருப்பு இருக்காது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதானே, சேர். இதையெல்லாம் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

அடுத்த இரண்டு மூன்று நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்புவதாக ஒரு தகவலும் வரவில்லை. கிஷாந்த்தான் வந்து சொன்னான்.

"அண்ணே, குருவிக்கொல்லையில கரண்ட் அடிச்சு ஒரு பொம்பள செத்துப்போச்சாம். பச்சப்புள்ளக்காரி."

"பேரு?"

"நிலக்ஷியாம். மேல்லயந்தான்."

தனுஷிகா என்று சொல்வான் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பெயர் வந்ததும் ஒரு கணம் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மையம் வீட்டுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு, ஏன் போனாய் என்று கேட்டீர்கள். நம் கடைச் சாமானால் ஒரு சாவு நடந்திருக்கும்போது போய்த் தலையைக் காட்டாமல் இருப்பது முறையா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மழை. லயத்து வாசலில் தகரம் போட்டுப் பெஞ்சு வைத்திருந்தார்கள். நிலக்ஷியின் புருஷன் ஜீவராஜ் ஒரு மூலையில் குந்தியிருந்தான். யாரோ பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள். பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடி வைத்திருந்தான். பிள்ளை பெற்றவளுக்கு உடம்புக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவதற்காகக் கொயிலை வாளியில் போட்டிருக்கிறார்கள். ஊற்ற வேண்டிய அவளுடைய அம்மா மீனம்மா இன்னொரு வாளி பிடிக்க, தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போயிருக்கிறாள். சூடு போதுமா என்று நிலக்ஷி கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். மரண விசாரணைக்கு வந்தவர் மின்சார விபத்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கொயில் சுவரோரம் கிடந்தது.

எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தது ஒரு மெலிந்த பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையாம். நான் யார் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"நீங்கதானா ஜூட்சன் அண்ணே? நான்தான் தனுஷிகா. உங்க கடையில எப்பவும் சாமான் எடுக்குறது நான்தான்."

"தெரியும்," என்றேன்.

"எனக்கில்லண்ணே. லயத்துல எல்லாருக்கும் நான்தான் போடுறது. போன்ல பாத்துப் போடத் தெரிஞ்சது நான் மட்டுந்தானே. எட்ரஸும் எல்லாருக்கும் ஒன்னுதான். சுவெட்டர் வந்தா வீடு வீடாப் போயி போட்டுப் பாப்பாங்க. பத்தாதத திருப்பிருவேன். ஃப்ரீதானேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"தேருக்குப் போட்ட பாவாடை சட்டை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது தப்புத்தான். ஒரு புள்ள போட்டுட்டுக் குடுத்துருச்சு. அதுக்கு வேற உடுப்பு இல்ல. நான் என்னன்னு சொல்ல? கம்பனிக்குத்தானே நட்டம்னு இருந்துட்டேன்." பிறகு சொன்னாள், "வேற கடையில வெல கொறவாவும் இருக்கும்ண்ணே. நம்மள மாதிரி தோட்டத்துல பொறந்த ஆள் நடத்துற கடை, அங்கதான் எடுக்கணும்னு எல்லாருகிட்டயும் நான்தான் சொல்லுவேன். இந்தக் கொயிலும் அப்புடித்தான். வெறகு பொறுக்கப் போனா அட்டக்கடின்னு, எல்லாருமாச் சேந்து நிலக்ஷிக்கு எடுத்துக் குடுத்தோம்."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். இனிப்பு அதிகம். ஒரு லயத்துக்கே ஒரு பெயரில் ஓடர் வருவது நம் ஆட்களிடம் இருக்கிற பழக்கம்தான். எங்கள் லயத்திலும் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான், எல்லாருடைய கடிதமும் அவர் கையெழுத்தில்தான் போகும். அது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பக்கத்துத் தவறு என்று சொன்னால் இதை ஒத்துக்கொள்கிறேன். மேல்லயத்துப் பன்னிரண்டு வீடுகளை நான் ஒரு திருடி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வரும் வழியில் பாதையோரமாக நின்று வாந்தி எடுத்தேன். பசியாகவும் இருக்கலாம்.

இத்தோடு முடிந்திருக்கும், சேர். தனுஷிகா அந்தக் கொயிலைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஒரு வாரக் கெடு இன்னும் முடிந்திருக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் "சாமான் பழுது" என்று போட்டு, கீழே தமிழில், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பிள்ளைக்குப் பால்மா வாங்கணும்" என்று எழுதியிருந்தாள். கிஷாந்த் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதே பெட்டி. நான் ஒட்டிய டேப்பை நேராக வெட்டித் திறந்து, மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். பெட்டி கையில் வந்துவிட்டது, உடைத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தேன். ஆனால் திரும்பி வந்த கணக்கில் இந்த ஒன்றும் கூடினால் என் கடை மூடப்படும் என்ற நிலை. சட்டம் எல்லாருக்கும் சட்டம்தான். பாவித்த சாமானைத் திருப்பக்கூடாது என்று கம்பனிக்காரர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மேல்முறையீடு செய்தேன். ஆதாரம் கேட்டார்கள். அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோவையும், திரும்பி வந்தபின் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். நான் அனுப்பும்போது வெடிப்பு மயிரிழைதான், திரும்பி வந்தபோது நன்றாக விரிந்திருக்கிறது, குழாயில் தண்ணீர்க் கறையும் இருக்கிறது, ஆகவே பாவித்திருக்கிறார்கள் என்று விளக்கமாக எழுதினேன்.

அந்த இரண்டு போட்டோவையும் போனில் பெற்றீசியா பார்த்தாள். முதல் போட்டோவில் அந்த மயிரிழை வெடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"முறிச்சுப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே," என்றாள்.

அவள் குடையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். அவள் உங்களிடம் வந்தது அப்போதுதான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கொயில் ஆளைக் கொல்லும் என்று தெரிந்தே, நல்ல கொயில்கள் பக்கத்தில் இருக்க, அதை எடுத்து, தனுஷிகா சாக வேண்டும் என்று அனுப்பினேன். செத்தது நிலக்ஷி. கையெழுத்துப் போடுகிறேன்.

காலையில் ஒரு நிமிடம் என் போனைப் பார்க்கவிட்டதற்கு நன்றி. கம்பனியிலிருந்து பதில் வந்திருந்தது. சாமான் பாவிக்கப்பட்டிருக்கிறது என்று அவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள், தனுஷிகாவுக்குக் காசு திரும்பப் போகாது, கடை மூடப்படாது. நியாயம் என் பக்கம் இருந்தது என்பதைப் பெற்றீசியாவிடம் யாராவது சொன்னால் நல்லது, சேர்.